மரியாதையில் மூழ்கிய குழி

கஸ்மியாதி நல்ல மனிதர் என்று அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவருடைய மனைவி சுப்ரிஹாதினைக் கேட்டால் மட்டும், "நல்லவர்தான், அதுல ஒண்ணும் குறையில்ல," என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. நிஜமான குழி. பள்ளிவாசல் முனையில், சாக்கடை மூடி உடைந்து உள்ளே விழுந்துவிட்ட இடத்தில், ஒரு ஆட்டுக்குட்டி படுக்கிற அளவுக்கு இருந்தது.

மத்திய ஜாவாவில், வானம் தெளிவாக இருக்கிற காலைகளில் மெராபி மலை தெரிகிற சின்ன ஊர் அது. வார்டு ஆபீசுக்கு நேர் எதிரே கஸ்மியாதியின் ஜெராக்ஸ் கடை, அதன் பின்பக்கம் வீடு. அடையாள அட்டைக்குப் போட்டோ எடுப்பார். ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தவர்களுக்குச் சிவப்புத் திரை, இரட்டைப்படை என்றால் நீலத் திரை. ஒருவர் முகத்தைப் பார்த்தே எந்தத் திரை என்று சொல்லிவிடுவார், பாதி நாள் சரியாகவும் இருக்கும். ஆனால் அவருக்கு ஊரில் இருந்த மதிப்பு போட்டோவால் வந்ததில்லை, புகார்க் கடிதங்களால் வந்தது.

அந்த ஊரில் வீட்டிலும் சந்தையிலும் ஜாவா மொழிதான். அதில் பெரியவர்களிடம் பேசும்போது நம்மை நாமே நாலாக மடித்துக்கொள்ள வேண்டும். மடித்துக்கொண்ட பிறகு எப்படிக் குறை சொல்வது? அதனால் குறை என்று வந்தால் எல்லோரும் இந்தோனேசிய மொழிக்குத் தாவிவிடுவார்கள். அது பள்ளிக்கூடத்து மொழி, செய்தி வாசிக்கிற மொழி, ஆபீஸ் மொழி. அதில் யாரும் யாருக்கும் மருமகன் இல்லை, சின்னவன் இல்லை. எல்லோரும் குடிமக்கள். வார்டு அதிகாரியான லூராவைத் தெருவில் கண்டால் தலையைத் தாழ்த்தி ஒதுங்கி நிற்கிற மனிதர்கூட, அந்த மொழியில் எழுத உட்கார்ந்தால் "தங்கள் உடனடி நடவடிக்கையை எதிர்பார்க்கிறோம்" என்று எழுதிவிடுவார்.

கஸ்மியாதியிடம் அந்த மொழி அழகாக இருந்தது. ஆனால் மடித்துக்கொள்கிற பழக்கத்தை மட்டும் அவர் வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. அதையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய கடிதங்களில் முதலில் சலாம் வரும். பிறகு அதிகாரியின் உடல்நலத்துக்கும் அவர் குடும்பத்தின் உடல்நலத்துக்கும் பிரார்த்தனை. பிறகு அவருடைய பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிப்பு, இதுவரை செய்ததற்கெல்லாம் நன்றி, இனிமேல் செய்யப் போவதற்கும் முன்கூட்டியே நன்றி. இத்தனைக்கும் பின்னால், விருந்து முடிந்த பிறகு வந்து நிற்கிற விருந்தாளி மாதிரி, கடைசியில் புகார் வரும். அதற்கும் கீழே "அக்கறையுள்ள குடிமகன் ஒருவர்" என்று கையெழுத்து. பெயர் ஒருநாளும் இருக்காது.

ஒருமுறை தர்யோனோ என்பவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒலிபெருக்கி வைத்துப் பாடுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து அழுதார். கஸ்மியாதி எழுதிக்கொடுத்தார். தர்யோனோவின் குரல் வளத்தைப் பாராட்டி ஒரு பத்தி, கலை ஆர்வத்தைப் பாராட்டி ஒரு பத்தி, ஓசையின் அளவு குறித்து அரை வரி. தர்யோனோ அதைப் படித்துக் கண்கலங்கி, அடுத்த வாரமே இன்னொரு ஒலிபெருக்கி வாங்கிவிட்டார். அப்போதும் பக்கத்து வீட்டுக்காரர் கஸ்மியாதியைக் குறை சொல்லவில்லை. "எழுத்து என்னமோ ரொம்ப நல்லா இருந்துச்சு, மாஸ்," என்றார். வயதில் கொஞ்சம் மூத்த ஆணை அங்கே மாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்; பெண்டாட்டியும் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாள். மரியாதை இன்னும் கூடினால் ஆணுக்குப் பாக், பெண்ணுக்கு இபு.

ஊர் அவரைத் தேடி வந்ததற்குக் காரணம் இதுதான்: அவர் எழுதிய கடிதத்தால் இதுவரை யாருக்கும் யாரோடும் பகை வந்ததில்லை. குறை தீர்ந்ததா என்பது வேறு விஷயம். அதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

செப்டம்பர் நடுவில், பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. குழியில் தண்ணீர் நின்றது. சுப்ரிஹாதின் விடியற்காலையில் சந்தையிலிருந்து தெம்பே, அதாவது சோயாக் கட்டிகள், நிறைந்த கூடையோடு ஸ்கூட்டரில் வந்தாள். அதை மெல்லிசாக வெட்டி மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டு விற்பதுதான் அவள் தொழில். தண்ணீருக்கு அடியில் குழி இருப்பது அவளுக்குத் தெரியாததில்லை. எதிரே வந்த சைக்கிளுக்கு வழி விட்டாள், அவ்வளவுதான். முன்சக்கரம் உள்ளே போனது. தெம்பே எல்லாம் சாக்கடையில் மிதந்தது. இடது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் என்றார்கள். ஒரு கையால் பஜ்ஜி போட முடியாது. பஜ்ஜிக் கடையை மூடினார்கள்.

"ஆறு வாரம் கழிச்சு கட்டைப் பிரிப்பாங்க," என்றாள் சுப்ரிஹாதின், கட்டிலில் சாய்ந்துகொண்டு. "அப்ப மழைக்காலம் தொடங்கியிருக்கும். அதே வழியிலதான் நான் சந்தைக்குப் போகணும். அதுக்குள்ள அந்தக் குழியை மூடணும், மாஸ்."

"மூட வெச்சுடலாம்."

"ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தீங்க. கோழி செத்ததுக்கு எழுதினீங்க, விளக்கு எரியலன்னு எழுதினீங்க. இப்ப எனக்கு ஒண்ணு எழுதுங்க. என் பேர் போட்டே எழுதுங்க."

"பேர் எதுக்கு? குடிமகன்னு போட்டா போதாதா?"

"குடிமகன் கையா உடைஞ்சுச்சு?"

கஸ்மியாதி எழுந்து போனார். அன்று முழுக்கக் கடையில் உட்கார்ந்து எழுதினார். மனைவிக்காக எழுதுவதால் மற்றவர்களுக்கு எழுதியதைவிட நன்றாக எழுத வேண்டும் என்று நினைத்தார். நன்றாக என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: இன்னும் மரியாதையாக. லூராவின் உடல்நலத்தோடு அவர் பெற்றோரின் உடல்நலத்தையும் சேர்த்துக்கொண்டார். ஆபீஸ் வேலியோரம் புதிதாக வைத்த பூந்தொட்டிகளைப் பாராட்டினார். போன வருடம் அடையாள அட்டை இரண்டே நாளில் கிடைத்ததை நினைவுகூர்ந்தார். சாதாரணக் குடிமகனான தான் இதை எழுதத் துணிந்ததற்கு ஆயிரம் மன்னிப்பு கேட்டார். பிறகு புகார். அதையும் இந்த முறை முழுசாக, முனை, குழியின் நீளம், அகலம், மனைவியின் பெயர், முறிந்த எலும்பு என எல்லாம் எழுதினார். கீழே முதல் தடவையாகத் தன் பெயரையும் போட்டார். இரண்டு பக்கம் வந்தது. அச்செடுத்துச் சுப்ரிஹாதினிடம் படித்துக் காட்டினார். முதல் பக்கம் முடிவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

அந்த வருடத்திலிருந்து புகார்களைக் கையில் வாங்குவதில்லை. நகராட்சி போனில் ஒரு செயலி வைத்திருந்தது. அதில்தான் அனுப்ப வேண்டும். கஸ்மியாதி தன் பெயரைப் பதிந்து, கடிதத்தை அப்படியே எடுத்து அதிலிருந்த கட்டத்தில் ஒட்டி, அனுப்பு என்ற பொத்தானை அமுக்கினார். அந்தக் கட்டம் ஆயிரத்து ஐந்நூறு எழுத்துக்கு மேல் வாங்காது. மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். அவர் அதைக் கவனிக்கவில்லை. அனுப்பியதைத் திறந்து சரிபார்ப்பது, ஆபீஸைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. "பரிசீலிச்சிட்டு இருப்பாங்க," என்றார் கஸ்மியாதி. தெருவில் சில பேர் சேர்ந்து குழிக்குள் ஒரு வாழைக்கன்றை நட்டுவைத்தார்கள். குண்டும் குழியுமான ரோட்டில், ஆபீசுக்குச் சொல்லாமல் சொல்ல, வாழை நடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மறுநாளே ஆபீஸ் ஆட்கள் வண்டியில் வந்து, கன்றைப் பத்திரமாகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குழி இருந்த இடத்திலேயே இருந்தது.

நான்காம் வாரம், புகார்ச் செயலியைக் கவனிக்கிற நுங்கி என்ற பெண் வார்டு ஆபீசிலிருந்து ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு உறை.

"பாக் கஸ்மியாதி! வாழ்த்துகள்! உங்க மெசேஜைப் படிச்சுட்டு எங்க பாக் லூரா அப்படியே உருகிட்டார்!"

கஸ்மியாதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அப்ப எப்பம்மா வேலை தொடங்குது?"

"எந்த வேலை? இருபத்தெட்டாம் தேதி விழா, பாக்! அக்டோபர் மொழி மாசம் இல்லையா? நல்ல இந்தோனேசிய மொழியில பண்போட எழுதின குடிமகன்னு உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கோம். சான்றிதழ் உண்டு. இந்த வருஷம் பாராட்டுன்னு வந்த ஒரே மெசேஜ் உங்களுதுதான். மத்ததெல்லாம் வெறும் புகார்!"

அவள் போனை நீட்டினாள். கஸ்மியாதி படித்தார். சலாம் இருந்தது. உடல்நலம் இருந்தது. பூந்தொட்டிகள், அடையாள அட்டை, ஆயிரம் மன்னிப்பு எல்லாம் இருந்தன. பிறகு, "இந்தத் தருணத்தில் தங்கள் மேலான கவனத்திற்கு" என்பதோடு நின்றிருந்தது.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், "இல்லம்மா, இது புகார்," என்று சொல்லியிருப்பார்கள். கஸ்மியாதி நுங்கியின் சிரிப்பைப் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் வழியாக லூரா பாக் விராத்மோ இவரைப் பார்த்துக் கையசைத்தார். கஸ்மியாதியும் கையசைத்தார். "நன்றிம்மா," என்றார்.

வீட்டில் சுப்ரிஹாதின் உறையைப் பிரித்துப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"குழி எங்க, மாஸ்?"

"அது... வெட்டிட்டுது. செயலி வெட்டிட்டுது."

"போய்ச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? பேனரெல்லாம் அடிச்சுட்டாங்களாம். பாவம், அந்த மனுஷனுக்கு வருஷத்துல ஒரே ஒரு பாராட்டு வந்திருக்கு. அதுவும் புகார்தான்னா அவர் மனசு என்ன பாடுபடும்?"

"என் கை பட்ட பாட்டைவிடவா?"

அவர் உறையை வாங்கி மடித்தார். "விழாவுல நன்றி சொல்ல ரெண்டு நிமிஷம் குடுக்கிறாங்க. அதுல சொல்லிடறேன். சத்தியமா," என்றார்.

"இருபத்தெட்டாம் தேதி காலையில எனக்குக் கட்டு பிரிக்கிறதா இருந்துச்சு. அடுத்த நாளுக்குத் தள்ளி வெச்சுக்கறேன்," என்றாள் சுப்ரிஹாதின். "கட்டோடவே வர்றேன். நீங்க சொல்றதை நான் கேக்கணும்."

விழா அன்று ஆபீஸ் முற்றத்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குத் துணியுறை மாட்டியிருந்தார்கள். ஆளுக்கொரு அட்டைப்பெட்டியில் ஒட்டரிசி உருண்டை, வாழையிலையில் மடித்த பணியாரம், ஒரு குட்டி டம்ளர் தண்ணீர். பூப்போட்ட பத்திக் சட்டை அணிந்த பெரியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரே நாடு, ஒரே மொழி என்று உறுதிமொழி சொன்னார்கள். சான்றிதழ் கொடுத்து, மைக்கையும் கஸ்மியாதியிடம் கொடுத்தார்கள்.

அவர் சலாம் சொன்னார். மரியாதைக்குரிய வட்ட அதிகாரியை வணங்கினார். மரியாதைக்குரிய லூராவை வணங்கினார். மரியாதைக்குரிய போலீஸ் அதிகாரி, மரியாதைக்குரிய ராணுவ அதிகாரி, மரியாதைக்குரிய மகளிர் நலச் சங்கத் தலைவி, மரியாதைக்குரிய சுகாதார நிலைய மருத்துவர், மரியாதைக்குரிய பள்ளிவாசல் நிர்வாகி. யாரையாவது விட்டுவிட்டால் அவர்கள் மனம் நோகுமே என்று மறுபடி ஒருமுறை வரிசையைப் பார்த்தார். மரியாதைக்குரிய தெருத் தலைவர் முஜிஹர்ஜோ விட்டுப்போயிருந்தார். அவரையும் வணங்கினார். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி ஆகிவிட்டது.

"இந்த நல்ல நேரத்தில்," என்று தொடங்கினார், "ஒரு சிறிய... குழி என்று சொல்ல மாட்டேன்... பள்ளிவாசல் முனையில் சாலை சற்றே ஓய்வெடுக்கிற ஓர் இடம் இருக்கிறது..."

விழாவை நடத்தியவர், பேச்சு முடிந்தது என்று நினைத்துக் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். கஸ்மியாதியும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார்.

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சுப்ரிஹாதின் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் படித்த இந்தோனேசிய மொழி அவளிடம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அது போதுமானதாக இருந்தது.

"பாக் லூரா! பள்ளிவாசல் முனையில குழி இருக்கு. நான் அதுல விழுந்தேன். இதோ கை. எப்ப மூடுவீங்க?"

பாக் விராத்மோ மாவுக்கட்டைப் பார்த்தார்.

"இப்படி ஒரு குழியா? எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று நுங்கியைத் திரும்பிப் பார்த்தார்.

"செயலியில வரலையே, பாக். வாழைக்கன்னு ஒண்ணு இருக்குன்னுதான் வந்துச்சு. அதை எடுத்துட்டோம்."

லூரா கெட்டவர் இல்லை. "இபு, வியாழக்கிழமை ஆள் அனுப்பறேன்," என்றார் சுப்ரிஹாதினிடம்.

"எந்த வியாழன்?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். லூராவின் உதட்டோரமும் கொஞ்சம் ஆடியது. "நாளை மறுநாள், இபு. காலையில."

"சரி," என்று சொல்லி, விழுந்த நாற்காலியை ஒரு கையால் நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள் சுப்ரிஹாதின். பணியாரத்தைப் பிரித்துத் தின்றாள்.

வியாழக்கிழமை காலை சிமெண்ட்டும் புதிய மூடியும் வந்தன. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

குழி போனதும் ஊருக்கு மனக்குறை வந்துவிட்டது. விழாவில் எத்தனை பெரியவர்கள் இருந்தார்கள், அவர்கள் முன்னால் இப்படியா கேட்பது என்று பேசிக்கொண்டார்கள். புதிய மூடியின் மேல் ஸ்கூட்டரை நிறுத்திவைத்துக்கொண்டே பேசினார்கள். இரண்டு பெண்கள் மட்டும் கடைக்கு வந்து, கஸ்மியாதியைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "இபு இருக்காங்களா? எங்க வீட்டு முன்னால மின்கம்பம் சாஞ்சு நிக்குது. அவங்க சொல்லி நீங்க எழுதணும். ரொம்ப அவங்க மாதிரியும் வேணாம், ரொம்ப உங்க மாதிரியும் வேணாம்," என்று கேட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, காலையில், தெருத் தலைவர் முஜிஹர்ஜோ கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"கஸ்மியாதி, தப்பா எடுத்துக்காதே. தெருவுல எல்லாருக்கும் கொஞ்சம் சங்கடமா இருக்கு. ஆபீஸுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் போட்டுடலாம்னு பாக்கறோம். உன் வீட்டம்மா பேசின விதத்துக்கு. அதை எழுத உன்னை விட்டா யாரு?"

கஸ்மியாதி காகிதத்தை எடுத்துவைத்தார். கை தானாகவே சலாம் எழுதப் போனது. பின்பக்கம், கட்டு பிரித்த இடது கையைச் சுப்ரிஹாதின் விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மெலிந்து, வெளிறி இருந்தது. பிறகு ஸ்கூட்டரில் காலிக் கூடையைக் கட்டினாள்.

அவர் கையை நிறுத்தினார். பிறகு எழுதினார். "பள்ளிவாசல் முனையில் இருந்த குழி மூடப்பட்டது. நன்றி. கஸ்மியாதி, சுப்ரிஹாதினின் கணவன்." எழுதி, முஜிஹர்ஜோவிடம் நீட்டினார்.

முஜிஹர்ஜோ படித்தார். காகிதத்தைப் புரட்டினார். "மீதி எங்கப்பா?"

"அவ்வளவுதான், பாக்."

"மன்னிப்பு?"

"அது நான் கேக்க வேண்டியது. ஆபீஸ்கிட்ட இல்ல. வீட்டுல கேட்டாச்சு."

"என்ன சொன்னா?"

"தெம்பே வெட்டச் சொன்னா. பத்து நாளைக்கு."

முஜிஹர்ஜோ தலையை ஆட்டிக்கொண்டார். "இதை இப்படியே கொண்டுபோய்க் குடுத்தா மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும். பேனா குடு." மடியில் ஒரு அட்டையை வைத்து, கஸ்மியாதியின் வரிக்கு மேலே இருந்த காலி இடத்தில் தாமே எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் வானத்தைப் பார்த்தார்.

ஸ்கூட்டர் உறுமியது. சுப்ரிஹாதின் தெருவில் இறங்கினாள். கஸ்மியாதி எழுந்து கடை விளிம்புக்கு வந்து நின்றார். லேசாகத் தூறல் போட்டு, ரோடு முழுக்க ஈரமாக மின்னியது. பள்ளிவாசல் முனையில் அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. கூடை ஒருமுறைகூடக் குலுங்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வளைவைத் தாண்டிப் போனாள்.

"உடல்நலத்தை முதல்ல போடணுமா, நேரத்துக்கு மன்னிப்பை முதல்ல போடணுமா?" என்று கேட்டார் முஜிஹர்ஜோ.

"உடல்நலம்," என்றார் கஸ்மியாதி, முனையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

முஜிஹர்ஜோ லூராவின் பெற்றோருடைய உடல்நலம் வரை எழுதி வந்து சேர்வதற்குள் சுப்ரிஹாதின் சந்தையில் பேரம் பேசி முடித்திருப்பாள்.